கருத்துக் கேட்டோம், பதினொரு பேர்தான் பதில் சொன்னார்கள்

கேள்வி (2024 ஆகஸ்ட் 6)
மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு சிறு அறக்கட்டளையில் வேலை பார்க்கிறேன். அடுத்த 5 ஆண்டுகளுக்கு என்ன செய்யலாம் என்று அவர்களிடமே கேட்போம் என 24 கேள்விகளோடு ஒரு கூகுள் படிவம் அனுப்பினோம். 340 பேருக்குப் போனது. 11 பேர் நிரப்பினார்கள். அதில் 9 பேர் ‘மிகத் திருப்தி’. நம் ஆட்களுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை என்றே தோன்றுகிறது. வேறு யாராவது செய்து பார்த்தீர்களா?

ஆகஸ்ட் 6, மாலை
ஆர்வம் இல்லை என்று அவ்வளவு சீக்கிரம் முடிவு கட்டாதீர்கள் தம்பி. நான் அருப்புக்கோட்டைப் பக்கம் நெட் சென்டர் வைத்திருக்கிறேன். இரண்டு வயதில் போலியோ. வலது காலில் காலிப்பர் என்கிற தாங்கி, கையில் ஊன்றுகோல். அடையாள அட்டை, உதவித்தொகை, பஸ் பாஸ் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நாளைக்கு நாலு விண்ணப்பமாவது நான் நிரப்பிக் கொடுக்கிறேன். அதனால் ‘மிகத் திருப்தி’ எப்படி விழுகிறது என்று எனக்குத் தெரியும்.

போன வருஷம் வேறோர் அமைப்பு இதே மாதிரி படிவம் அனுப்பியது. ஒரு பையனை அவன் அம்மா கூட்டி வந்தார். கேள்வியை வாசித்தேன். பையன் வாயைத் திறக்குமுன் அம்மா, “எல்லாம் நல்லா இருக்குன்னே போடுங்க தாயி, வர்றது நின்னு போயிரப் போகுது” என்றார். மாதம் பத்துக் கிலோ அரிசி வந்துகொண்டிருந்தது. கேட்கிற இடமும் கொடுக்கிற இடமும் ஒன்றாக இருந்தால் வேறென்ன பதில் வரும்?

உங்கள் 9 பேரில் எத்தனை பேர் தங்கள் கையால் நிரப்பினார்கள் என்று பாருங்கள்.

ஆகஸ்ட் 6, இரவு
இன்னொன்று விட்டுப்போயிற்று. 24 கேள்விகளில் ஒன்றாவது ‘நாங்கள் செய்வதில் எதை நிறுத்தலாம்?’ என்று கேட்கிறதா?

ஆகஸ்ட் 14
வாயை விட்டு மாட்டிக்கொண்டேன். எங்கள் ஊர் அறக்கட்டளையும் இதே மாதிரி ஒன்று நடத்தப் போகிறதாம். செயலாளர் அண்ணாச்சி கடைக்கே வந்து, “படிவமெல்லாம் உனக்குத்தானம்மா தெரியும்” என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். நடப்பதை இங்கேயே எழுதிவைக்கிறேன், உங்களுக்கும் உதவும்.

முதல் சுற்றறிக்கையிலேயே சறுக்கல். அலுவலகத்தில் இன்னும் பழைய எழுத்துருவில்தான் தட்டுகிறார்கள். பார்வையற்ற என் தோழி ஒருத்தி அதைத் திரைவாசிப்பானில் (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) கேட்டுவிட்டு எனக்குப் போன் போட்டாள். “என்னடி இது, ஏ கே பி டபிள்யூன்னு வாசிக்குது, மந்திரமா?” பாமினி, வானவில் மாதிரி எழுத்துருக்களில் தட்டினால் கண்ணுக்குத்தான் அது தமிழ். உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். திரைவாசிப்பான் உள்ளே கிடப்பதைத்தான் படிக்கும். தமிழைத் தமிழாகவே பதிந்துவைக்கும் யூனிகோடுக்கு மாறச் சொல்லித் தமிழ்நாடு அரசே 2010இல் ஆணை போட்டது. பதினாலு வருஷம் ஆகிறது.

ஆகஸ்ட் 15
திருத்தம். எழுத்துருவை மட்டும் குறை சொல்லிவிட்டேன். யூனிகோடில் மாற்றிக் கொடுத்த சுற்றறிக்கையை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அதைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். திரைவாசிப்பான் இப்போது ‘படம்’ என்று ஒரே வார்த்தை சொல்கிறதாம். மந்திரமே பரவாயில்லை என்கிறாள்.

கடைசியில் நானே அதைப் படித்து ஒன்றரை நிமிஷக் குரல் பதிவாக அனுப்பினேன். அதற்குத்தான் முதல் பதில்கள் வந்தன.

ஆகஸ்ட் 29
முதல் கூட்டம் நேற்று நடந்தது. காலை 11 மணி. வந்தவர்கள் ஒன்பது பேர், அதில் நான்கு பேர் கமிட்டிக்காரர்கள்.

11 மணிக்கு நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் வரமுடியாது. கூட்டி வர வேண்டியவர்களும் அங்கேதான் இருப்பார்கள். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அண்ணாச்சியைக் குறை சொல்லிப் பயனில்லை, நேரத்துக்குத் தலையாட்டியவள் நான்.

இடம் அறக்கட்டளையின் சொந்த மண்டபம். வாசலில் மூன்று படி. நான் ஊன்றுகோலை வைத்து ஏறிவிட்டேன். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெண்ணை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். தூக்கும்போது அவள் புடவையைப் பிடித்துக்கொண்ட விதத்தைப் பார்த்தேன். உள்ளே போய் ஒரு மணி நேரம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ‘எங்கள் சேவை எப்படி?’ என்று மைக்கை அவள் முன்னால் நீட்டினார்கள். சிரித்தாள். ‘திருப்தி’ என்று எழுதிக்கொண்டார்கள்.

செப்டம்பர் 3
சாய்தளம் போட எவ்வளவு ஆகப்போகிறது, ஒரு பலகை போட்டால் போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு. எங்கள் படி ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். மூன்றுக்கு ஒன்றரை அடி, ஆக 18 அடி சாய்தளம். நேராகப் போட்டால் எதிர்த்த டீக்கடை பாய்லரில் போய் முட்டும். மடக்கித்தான் கட்ட வேண்டும். ஒன்றரை அடிக்கு நாலடிப் பலகையைச் சாய்த்தால் அதில் ஏற்ற முடியாது, சறுக்கி விளையாடலாம்.

செப்டம்பர் 22
இரண்டாவது சுற்று. இந்த முறை நாங்கள் போனோம். ஆறு ஊர், மாலை ஐந்தரைக்குமேல். ரேஷன் கடைத் திண்ணை, வேப்பமரத்தடி, ஒரு ஊரில் பால் சொசைட்டி வாசல். இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் நானும், பின்னால் பைக்கில் ஒரு தம்பியும். கமிட்டிக்காரர்கள் யாரையும் கூட்டிப் போகவில்லை. அண்ணாச்சிக்கு அதில் வருத்தம்தான்.

படிவமும் கொண்டுபோகவில்லை. “போன மாசம் எங்க போகணும்னு நினைச்சுப் போகமுடியாமப் போச்சு?” இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டேன். அதற்குப் பிறகு வாயை மூடுவதுதான் கஷ்டமாக இருந்தது, அவர்களுக்கு இல்லை, எனக்கு.

அறக்கட்டளையின் வரைவுத் திட்டத்தில் முதல் வரி ‘5 ஆண்டுகளில் 500 சக்கர நாற்காலிகள்’. ஆறு ஊரில் நான் பார்த்த இலவசச் சக்கர நாற்காலி பதினான்கு. ஓடுகிற நிலையில் இருந்தவை ஐந்து. ஒன்றில் துணி காய்ந்தது. ஒன்றில் கோழி அடை உட்கார்ந்திருந்தது. பழுதானதில் முக்கால்வாசிக்கு முன் சக்கரம் போயிருந்தது. மருத்துவமனைத் தரைக்கென்று செய்த சின்னச் சக்கரம் கரிசல் மண்ணில் ஒரு மழைக்குத் தாங்குமா? ஒரு அண்ணன் சொன்னதை அப்படியே எழுதி வந்தேன். “வண்டி வேண்டாம் தாயி. பஞ்சர் பார்க்க ஒரு ஆளு, ஒரு டியூபு. அது போதும்.”

பிறகு வந்தவை: மருத்துவச் சான்று முகாமுக்குக் கூட வர ஒருவர். டவுன் பஸ்ஸில் 2021 முதல் எங்களுக்கு டிக்கெட் காசு இல்லைதான், ஆனால் ஏறினால்தானே இலவசம்? பெண்கள் தனியாக இருந்தபோது சொன்னது கழிப்பறை. ஒருத்தி வெளியே போகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. நானும் அப்படித்தான். இருபது வருஷமாக அது பழக்கமாகிவிட்டது, இதையெல்லாம் குறையாகச் சொல்லலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

ஐந்தாவது ஊரில் ஓர் அம்மா. மகனுக்கு 31 வயது, பெருமூளை வாதம். என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவர் என்னைக் கேட்டார். “நான் போன பெறகு இவன யாரு பாப்பா?” திண்ணையில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எங்கள் 24 பக்க வரைவில் இதற்கு ஒரு வரி கிடையாது.

செப்டம்பர் 24
ஒரு திருத்தம், கொஞ்சம் வெட்கத்தோடு. மூன்றாவது ஊரில் கல்லூரியில் சேரப்போகும் பெண்ணிடம் “உங்களுக்கு 4 சதவீதம் இருக்கு” என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 4 சதவீத இட ஒதுக்கீடு அரசு வேலைக்கு. உயர்கல்விக்கு 5. இரண்டுக்குமே குறைந்தது 40 சதவீத ஊனத்துக்கான சான்று வேண்டும். அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். “பரவால்லக்கா, கூடத்தான இருக்கு” என்றாள்.

ஹீமோபிலியா (ரத்தம் சரியாக உறையாத கோளாறு) உள்ள சிறுவனின் அப்பா ஒருவர் தள்ளியே நின்றார். “இவன் நல்லாத்தான் நடப்பான், நாங்க வரலாமா?” 1995 சட்டத்தில் 7 வகை ஊனம்தான் இருந்தது. 2016இல் 21 ஆனது. ரத்தக் கோளாறுகள், பார்க்கின்சன், அமிலவீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் அதில் வருகிறார்கள். எங்கள் அறக்கட்டளையின் பெயர்ப்பலகையில் இன்னும் ஊன்றுகோல் படம்தான். அதைப் பார்த்துவிட்டு அவர் தன்னை வெளியாள் என்று நினைத்ததில் என்ன தப்பு?

செப்டம்பர் 25
‘நான் போன பிறகு’ பற்றிப் பலரும் கேட்டதால் தெரிந்ததைச் சொல்கிறேன். பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால், சட்டத்தின் கண்ணில் பெற்றோர் தானாகவே காப்பாளர் ஆகமாட்டார்கள். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் இந்த நான்குக்கும் 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் உண்டு. அதன்கீழ் மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டக் காப்பாளரை நியமிக்கலாம். ஒரு லட்சம் ரூபாய் வரை நிராமயா மருத்துவக் காப்பீடும் அதே தேசிய அறக்கட்டளை தருவதுதான். அந்த அம்மாவுக்கு இரண்டும் தெரியாது. ஆனால் காகிதத்தில் காப்பாளர் வந்துவிட்டால் சோறு யார் ஊட்டுவது? அவர் கேட்டது அதைத்தான். என்னிடம் பதில் இல்லை.

அக்டோபர் 13
காது கேளாதவர்களோடு ஒரு நாள். ‘அவர்களுக்கு எழுதிக் காட்டினால் போதுமே’ என்று கமிட்டியில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறவியிலேயே காது கேளாமல், பள்ளிக்கும் சரியாகப் போகாதவர்களுக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி மாதிரி. சைகைதான் தாய்மொழி. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை மதுரையிலிருந்து வரவழைத்தோம். போக வர பஸ் செலவும் ஒரு நாள் சம்பளமும் கொடுத்தோம். மொத்தக் கருத்துக் கேட்பிலேயே உருப்படியான செலவு இதுதான். அதற்குப் பிறகு பதில்கள் வாட்ஸ்அப் வீடியோவாகக் கொட்டுகின்றன, ஒன்றில் மட்டும் பாதிக்குமேல் யாரோ மாமனாரைப் பற்றிய புகார் என்று மொழிபெயர்ப்பாளர் சிரித்தார்.

சிறப்புப் பள்ளியில் படித்து முடித்து வீட்டில் இருக்கும் ஒரு பையன், 19 வயது, அறிவுசார் குறைபாடு. அவனுக்காகச் சிரித்த முகம், அழுத முகம் போட்ட அட்டைகள் செய்து கொண்டுபோனோம். எல்லாக் கேள்விக்கும் சிரித்த முகத்தையே எடுத்தான். ‘முழுத் திருப்தி’ என்று தம்பி எழுதப்போனான். எனக்குச் சந்தேகம். அட்டைகளின் நிறத்தை மாற்றி வைத்துப் பார்த்தோம். அழுத முகத்தை எடுத்தான். அவனுக்கு மஞ்சள் நிறம் பிடிக்கும், அவ்வளவுதான்.

சரி என்று அட்டையை ஓரம் வைத்துவிட்டு அவன் பின்னாலேயே நடந்தோம். நேராகச் சமையல்கட்டுக்குப் போனான். வெண்டைக்காயை எடுத்து வரிசையாக அடுக்கினான். அம்மா கத்தியைப் பிடுங்கி வைத்தார். திரும்ப எடுத்தான். மெழுகுவர்த்திப் பயிற்சி கொடுக்கலாம் என்று எங்கள் வரைவில் இருக்கிறது. இவனுக்கு வேண்டியது எதிர்ப்பக்கம் இருக்கிற ஹோட்டல் அடுப்படி.

அக்டோபர் 14
நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். வெண்டைக்காய் அடுக்கினான் என்பதற்காக ஹோட்டல் வேலை என்று நானே தீர்மானித்துவிட்டேனே. அம்மா பதில் சொன்னால் தப்பு, நான் சொன்னால் சரியா? இன்னும் இரண்டு தடவை போய்ப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 9
உச்ச நீதிமன்றம் நேற்று ஒரு தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. பார்வையற்ற ராஜீவ் ரதூரி 2005இல் போட்ட வழக்கு. 2016 சட்டம் அணுகல் வசதிகளைக் கட்டாயமாக்குகிறது. 2017 விதிகளின் 15ஆம் விதியோ அவற்றை வெறும் வழிகாட்டுதல்களாக ஆக்கிவிட்டது. அந்த விதி சட்டத்துக்கு முரண் என்று சொல்லி, கட்டாயத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வழக்குப் போட்டு 19 வருஷம். அண்ணாச்சிக்குச் செய்தியை அனுப்பினேன். “நம்ம மண்டபத்துக்கும் வருமோ?” என்று கேட்டார். பயம் வந்தாலும் நல்லதுதான்.

நவம்பர் 20
கேட்டுவிட்டு என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பற்றி. இங்கிலாந்தில், ஹாம்ப்ஷயரில் லே கோர்ட் என்று ஒரு செஷயர் இல்லம், ஊனமுற்றவர்கள் தங்கி வாழ்வதற்கானது. அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் வாழ்க்கை தங்கள் கையில் இருக்க வேண்டும் என்று நிர்வாகத்தோடு மல்லுக்கட்டினார்கள். 1960களில் ஆய்வாளர்களை வரச்சொல்லிக் கேட்டதும் அவர்கள்தான். டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து இருவர் வந்து, எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். 1972இல் முடிவுகள் வெளிவந்தபோது, இல்லவாசிகள் கேட்ட சுதந்திரத்தின் பக்கம் அவர்கள் நிற்கவில்லை. இரு தரப்புக்கும் நடுவில் நின்றுகொண்டார்கள். நம்பி மனம்விட்டுப் பேசியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அங்கே வாழ்ந்த பால் ஹண்ட் அதே 1972 செப்டம்பரில், இல்லங்களில் இருப்பவர்கள் ஒன்றுசேர வேண்டும் என்று கார்டியன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ஊனமுற்றவர்களே நடத்திய யூபியாஸ் அமைப்பு அதிலிருந்துதான் பிறந்தது.

நாங்களும் ஆறு ஊரில் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம். இரண்டு மாதமாக நோட்டு என் மேஜையில் கிடக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள், “அக்கா, அது என்னாச்சு?”

நவம்பர் 21
மக்கள் பங்கேற்பை எட்டுப்படி ஏணியாக ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் 1969இல் விளக்கியிருப்பதை ஒருவர் அனுப்பியிருக்கிறார். கருத்துக் கேட்பு அதில் கீழிருந்து நான்காவது படியாம், அதற்குமேல் இன்னும் நான்கு. நல்ல விளக்கம்தான். ஆனால் எங்களிடம் போய் ஏணியா?

டிசம்பர் 3
இன்று எங்கள் நாள். ஐ.நா. 1992இல் அறிவித்தது. மேடை, சால்வை, மூன்று சக்கர வண்டி வழங்கல். இந்த வருஷம் ஒரே ஒரு மாற்றம் செய்ய வைத்தேன். மண்டபத்துக்கு வெளியே, தரைமட்டத்தில் பந்தல். அங்கே பெரிய எழுத்தில் மூன்று தட்டி: நீங்கள் சொன்னவை, செய்யப்போகிறவை, செய்ய முடியாதவையும் காரணமும். பார்வையற்றவர்களுக்காக ஒலிபெருக்கியில் படிக்கவும் செய்தோம்.

மூன்றாவது தட்டிக்குத்தான் அதிகச் சண்டை. முடியாது என்று ஏன் எழுத வேண்டும், பெயர் கெடும் என்றார்கள் கமிட்டியில். கூட்டம் அதிகம் நின்றது அதன் முன்னால்தான். பெரியவர் ஒருவர் சொன்னார்: “இத்தன வருஷத்துல முடியாதுன்னு இப்பத்தான் நேரா சொல்லிருக்கீக.”

முடியாததற்குக் காரணம் பெரும்பாலும் பணம், அதிலும் பணம் வருகிற வழி. நன்கொடையாளர்கள் சக்கர நாற்காலிக்குத் தருவார்கள், போட்டோவில் பளபளவென்று இருக்கும். டியூபுக்கும் பஞ்சர் பார்ப்பவர் சம்பளத்துக்கும் தரமாட்டார்கள். பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தப் பணம் வரும்போதே எதற்கென்று எழுதிக்கொண்டு வருகிறது. 500 நாற்காலி என்பது நன்கொடையாளர் எழுதிய வரி என்று அண்ணாச்சி அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஊர்களில் வேறு மாதிரி பேசியிருப்பேன். எதை மாற்ற உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதோ அதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள் தம்பி. நான் செய்யவில்லை.

2025 ஜனவரி 19
500 நாற்காலி 300 ஆகிவிட்டது. மீதிப் பணத்தில் பழுது பார்க்கும் வண்டி ஒன்று, அகலச் சக்கரம் வைத்த நாற்காலிகள். நன்கொடையாளரிடம் கோழி உட்கார்ந்த போட்டோவைக் காட்டினேன். வேறெந்த வாதமும் தேவைப்படவில்லை.

வெண்டைக்காய்ப் பையன் வீட்டுக்கு மூன்றாவது தடவை போனேன். இந்த முறை வெங்காயம். அடுக்குவதுதான் அவனுக்குப் பிடிக்கிறது, சமையல் இல்லை. மளிகைக் கடை ஒன்றில் பேசியிருக்கிறோம்.

ஏப்ரல் 17
உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் மசோதாக்களை முதலமைச்சர் நேற்று சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். செய்தி வந்த அரைமணி நேரத்தில், மண்டபத்தில் வாய் திறக்காத அந்தச் சக்கர நாற்காலிப் பெண்ணிடமிருந்து குரல் பதிவு. “அக்கா, பஞ்சாயத்துல எங்கள உக்கார வைக்கப் போறாகளாம். உங்க கமிட்டியில எத்தன பேரு இருக்காக?”

ஒன்பது பேர். எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. இத்தனை மாதம் கேள்வி கேட்டு அலைந்த எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. பதிவை அண்ணாச்சிக்கு அப்படியே அனுப்பினேன்.

ஜூன் 8
கமிட்டியில் எங்கள் ஆட்களுக்கு இரண்டு இடம். ஒன்று அந்தச் சக்கர நாற்காலிப் பெண்ணுக்கு, ஒன்று அந்த 31 வயது மகனின் அம்மாவுக்கு. மகனுக்கே கொடுக்கலாமே என்று நான் கேட்டேன், இன்னும் பேச்சு நடக்கிறது.

முதல் கூட்டம் நேற்று. சாய்தளம் இன்னும் கட்டி முடியவில்லை, பாதி மடக்கில் நிற்கிறது. தூக்க இரண்டு பேர் வந்தார்கள். அவள் வேண்டாம் என்றாள். கமிட்டி மொத்தமும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, புங்கமரத்தடியில் கூட்டம் நடந்தது. நிகழ்ச்சிநிரலில் முதல் பொருளை மாற்றச் சொன்னாள்: கழிப்பறை.